சாரல் சீசனில் இகுவானா: பாலக்கீரையும் வெள்ளரியும் போதுமா?

சாரல்மேடு, செங்கோட்டை:

பச்சை இகுவானா, வயது சுமார் 14 மாதம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 78 செ.மீ., எடை 410 கிராம். வெளிநாட்டுப் பிராணி வளர்க்கிறவர்கள் பதிய வேண்டிய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு முடிந்துவிட்டது, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

இப்போது போடுவது: பாலக்கீரை, வெள்ளரிக்காய், வாழைப்பழம். இதுதான் தினமும். வாரம் ஒருமுறை அவித்த முட்டை பாதி. முட்டை பக்கத்து வீட்டுப் பெரியவர் யோசனை, "உடும்பு சாதிக்குக் கறி வேணும்லா" என்கிறார். முருங்கைக்கீரை வைத்தால் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. வாழைப்பழத்துக்கு மட்டும் ஓடி வருகிறது.

ஜூன் தொடங்கினதிலிருந்து வெயில் இல்லை. சாரல், காற்று, மத்தியானத்திலேயே இருட்டு. தீனி பாதியாகக் குறைந்துவிட்டது. மூக்கு ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு தட்டுகிறது.

கடையில் கிடைக்கிற வெளிநாட்டு இகுவானா குருணை வாங்கலாமா, நம்ம ஊர்க் கீரையே போதுமா? போதும் என்றால் எது, எவ்வளவு, எப்படிப் பழக்குவது?


கோவைக்கொடி, கொழிஞ்சாம்பாறை:

முட்டையை இன்றோடு நிறுத்துங்க. பெரியவர் சொல்வது உடும்புக்குச் சரி, இகுவானாவுக்குச் சரியில்லை. உடும்பு எலி, முட்டை, பூச்சி தின்கிற பிராணி. அதை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இகுவானா மெக்சிகோ முதல் பிரேசில் வரை மரத்தில் இருந்துகொண்டு இலை மேய்கிறது. அதன் பெருங்குடலில் தடுப்புத் தடுப்பாக அறைகள் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துத்தான் சத்து பிரிகிறது. மாட்டுக்கு முன் வயிற்றில் நடப்பது இதற்குப் பின் குடலில் நடக்கிறது என்று வையுங்க. முட்டை, கறி, நாய் பிஸ்கட் எல்லாம் யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் சேரும். உடனே ஒன்றும் தெரியாது, நன்றாக வளர்கிற மாதிரியே இருக்கும். நாலைந்து வருஷம் கழித்துச் சிறுநீரகம் கைவிடும்போது திருப்ப முடியாது. பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றில் குட்டிக்கு முட்டையும் புழுவும் கொடுக்கச் சொல்லியிருக்கும். அதைக் கையில் எடுக்காதீங்க.

அடுத்தது கால்சியம் கணக்கு. தின்கிற மொத்தத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்கணும். குறைந்தது ஒன்றரைக்கு ஒன்று. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு இப்படி இருக்கு:

வெள்ளரிக்காய்: கால்சியம் 10 மி.கி., பாஸ்பரஸ் 25
வாழைப்பழம்: 17, 36
பாலக்கீரை: 73, 21
முருங்கைக்கீரை: 440, 70
அகத்திக்கீரை: 1130, 80
கறிவேப்பிலை: 830, 57

வெள்ளரியும் வாழைப்பழமும் நூறு நூறு கிராம் சேர்த்தால் கால்சியம் 27, பாஸ்பரஸ் 61. கணக்கு தலைகீழ். இந்தத் தீனியில் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். பாலக்கீரை எண்ணில் பார்க்க நல்லா இருக்கும், அதுதான் ஏமாற்று. அதில் கால்சியத்தைவிடப் பல மடங்கு ஆக்சலேட் இருக்கு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே போய்விடும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி எல்லாம் இதே கட்சிதான். விஷம் இல்லை, வாரத்தில் ஒரு நாள் நாலு இலை கலந்தால் ஒன்றும் ஆகாது. தினத்தீனியாக வைக்கக் கூடாது. நம்ம சந்தையில் "கீரை" என்று கட்டுக்கட்டாகக் கிடைப்பதில் முக்கால்வாசி இந்த வகை என்பதால்தான் கீரை போட்டே இகுவானா கெட்டுப்போகிறது.

தினத்தீனிக்கு வேலியையும் கொல்லையையும் பாருங்க:

செம்பருத்தி இலை, பூ. எந்த நிறமானாலும் சரி, மருந்து அடிக்காத செடியாக இருக்கணும். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிவந்த செடி என்றால் வந்த இலை முழுக்க உதிர்ந்து புது இலை வரும் வரை தொடாதீங்க. வேரில் போடும் குருணை மருந்து இலைக்கு ஏறியிருக்கும், கழுவிப் போகாது.

கோவைக்கொடி இலை. வேலியில் சும்மா படர்ந்து கிடக்கும், வாரம் முழுக்கப் பறிக்கலாம். என் பெயரே அதுதான், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

முருங்கை. மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், காம்பு முழுக்க உருவிவிட்டு இலை மட்டும். மழைக்காலத்தில் மரத்தடியில் கம்பளிப்புழு அப்பிக்கிடக்கும். அந்த மயிர் இலையில் ஒட்டியிருந்தால் வாய், கண் வீங்கும். புழு ஏறின மரத்தை ஒரு மாதம் விட்டுவிடுங்க.

குதிரைமசால். பொள்ளாச்சி, சித்தூர் பக்கம் மாட்டுக்கும் முயலுக்கும் போடுகிற தீவனம். இளசாகப் பறித்துக் கால் பங்கு கலக்கலாம். ஆனால் அதே வரப்பில் நிற்கிற சூபாபுல், அதாவது சவுண்டல், கூடவே கூடாது. அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. மாட்டின் இரைப்பையில் அதை உடைக்கிற நுண்ணுயிர் இருக்கும், இகுவானா அதை நம்பித் தின்ன முடியாது. இரண்டுக்கும் இலை தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரியும், ஆள் வைத்துப் பறிக்கிறவர்கள் கவனம். குதிரைமசால் மூன்று இலையாக, வெந்தய இலை மாதிரி இருக்கும். சவுண்டல் புளிய இலை மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கும்.

தினமும் நறுக்கிய இலை 200 மி.லி. டம்ளர் நிறைய, அழுத்தாமல். அதோடு துருவிய மத்தங்காய், அதுதான் மஞ்சள் பூசணி, அல்லது நறுக்கின பீன்ஸ், வெண்டைக்காய், புடலை, இதில் ஏதாவது இரண்டு மூன்று ஸ்பூன். பழம் ஒரு ஸ்பூன், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்: பப்பாளி, அத்தி, கொய்யா, மாம்பழம். மாலையில் தட்டில் ஒரு பிடி மிச்சம் இருந்தால் அளவு சரி. துடைத்து வைத்திருந்தால் மறுநாள் கூட்டுங்க. பெருகப் பெருக டம்ளரும் பெருகும்.

குருணை பற்றி: காய்ந்த தீனி, தண்ணீர்ச் சத்து கிடையாது. நனைத்து, இலையில் பத்தில் ஒரு பங்கு கலந்தால் கெடுதல் இல்லை. அதை மட்டும் போட்டு வளர்த்தால் உடம்பு வறண்டு சிறுநீரகத்துக்குத்தான் சுமை. அந்தக் காசுக்கு நல்ல விளக்கு வாங்குங்க.


கணவா ஓடு, களியக்காவிளை:

மேலே அண்ணன் சொன்னதில் மாற்றம் இல்லை. விட்டுப்போன இரண்டு விஷயம்.

மூக்கில் வெள்ளைப் பொருக்கு நோய் இல்லை. இகுவானா மூக்கில் உப்புச் சுரப்பி உண்டு. கூடுதல் உப்பைத் தும்மலாக வெளியே தள்ளும், காய்ந்தால் வெள்ளையாக நிற்கும். கண்ணாடியில் புள்ளிப்புள்ளியாக ஒட்டியிருப்பதும் அதுதான். ஈரத் துணியால் துடைத்தால் போச்சு. மூக்கில் சளி மாதிரிக் குமிழி வந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அது வேறு, மருத்துவர் பார்க்கணும்.

இனி கால்சியப் பொடி. பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் வேணும். குட்டிக்கு வாரம் 4 அல்லது 5 நாள், வளர்ந்ததுக்கு 2 அல்லது 3 நாள், இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிற அளவு இலை மேல் தூவி விரவணும். மாட்டுத் தீவனக் கடையில் தருகிற தாதுக் கலவையில் டைகால்சியம் பாஸ்பேட் இருக்கும், பெயரிலேயே பாஸ்பரஸ். அதைப் போட்டால் கோவைக்கொடி எழுதின கணக்கு மறுபடி கவிழும்.

கடையில் வாங்க வேண்டாம் என்றால் கணவா ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவான். குளச்சல் பக்கம் கரையில் சும்மா ஒதுங்கும். அப்படியே பொடித்துப் போடாதீங்க, உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பின்பக்க ஓட்டை, அந்தக் கட்டியான பாகத்தை, விட்டுவிட்டு மெத்தென்ற பக்கத்தை மட்டும் கத்தியால் சுரண்டி மாவாகச் சலித்து வையுங்க. மழையில் வெயில் இல்லை என்றால் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் காயவைக்கலாம். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். போடவே கூடாது. அதுவும் கால்சியம்தான், ஆனால் வாயையும் தொண்டையையும் வெந்துபோகப் பண்ணும். கோழிக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்காகப் போடக்கூடாத இலைகளையும் சொல்லிவிடுகிறேன். மரச்சீனி, அதாவது மரவள்ளி இலை: ஆடு தின்னும், இது தின்னக் கூடாது, சயனைடு. சேம்பு இலையும் மணி பிளான்டும்: ஊசி ஊசியாக ஆக்சலேட், நாக்கு வீங்கும். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குரோட்டன்ஸ் எதுவும் எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. இகுவானாவை முற்றத்தில் விடுகிறவர்கள் அரளியை முதலில் வெட்டுங்க. பட்டர் ஃப்ரூட், வெங்காயம், பூண்டு வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இலை, முள்ளங்கிக்கீரை, கடுகுக்கீரை எப்போதாவது கொஞ்சம். தினமும் போட்டால் தைராய்டு கெடும். மலையாளத்து வேலிகளில் வேலிச்சீரை நிற்கும், தமிழில் தவசிக்கீரை. தைவானில் 1990களின் நடுவில் அதைப் பச்சையாக அரைத்துக் குடித்த மனிதர்களுக்கே நுரையீரல் கெட்டது. வேறு இலை இத்தனை இருக்கும்போது அது எதற்கு.


சாரல்மேடு, செங்கோட்டை:

இரண்டு பேருக்கும் நன்றி. முட்டை நிறுத்தியாச்சு. எலும்பு மெலிந்து தாடை மெத்தென்று ஆகியிருக்கிறதா என்று லேசாக அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கு. ஆனால் செம்பருத்தி இலை, கோவை இலை இரண்டையும் முழுசாக வைத்தேன், தொடவே இல்லை. எத்தனை நாள் பட்டினி போடலாம்? வெயில் இல்லாத நாளில் தீனி வைக்கலாமா? தொட்டி இப்போது ஜன்னலோரம், கண்ணாடி வழியாக வெளிச்சம் வருகிறது. மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்று.


முசுக்கொட்டை, குப்பம்:

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவது நாய்க்கும் சரியில்லை, இதுக்கும் சரியில்லை. முதலில் சூடு, அப்புறம் தீனி. இந்த வரிசை மாறினால் என்ன இலை வைத்தாலும் வீண்.

கண்ணாடி வழியாக வருவது வெளிச்சம் மட்டுமே. யுவிபி என்கிற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி நிறுத்திவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். ஆக இப்போது நீங்கள் என்ன கால்சியம் போட்டாலும் உள்ளே போய் வெளியே வரும். டி5 (T5) என்கிற மெல்லிய குழாய் விளக்கில் யுவிபி தருவது ஒன்று, தொட்டி நீளத்தில் பாதிக்காவது வருகிற மாதிரி, உட்காரும் கிளையிலிருந்து 30 செ.மீ. பக்கம். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் எதுவோ அதுதான் கடைசி வார்த்தை. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது, கொசுவலை போட்டால்கூடக் கதிரில் நல்ல பங்கு போய்விடும். குழாய் எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷம் ஆனால் யுவிபி இறங்கிவிடும். மாட்டின தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்க.

60 வாட் பல்பு சாரலில் போதுமா என்பதை அளந்து சொல்லுங்க, கையால் தொட்டுச் சொல்லாதீங்க. கிளையில் முதுகு வருகிற உயரத்தில் வெப்பமானி வைத்தால் 35 முதல் 37 டிகிரி காட்டணும். தொட்டியின் குளிர்ந்த முனை 27. இராத்திரி 24க்குக் கீழே போக வேண்டாம். உங்கள் ஊரில் ஜூலையில் பகலே 26 என்றால் 60 வாட் எட்டாது, 100 வாட் ஹாலஜன் போட வேண்டியிருக்கும். பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம், இல்லாவிட்டால் இகுவானா மேலே ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேகும்.

காலை விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தீனி வையுங்க. விளக்கு அணைக்க நாலு மணி நேரம் இருக்கும்போது தட்டை எடுத்துவிடுங்க. வயிற்றில் இலை புளிக்கச் சூடு வேணும். குளிர்ந்த வயிற்றில் இலை அழுகும், வயிறு உப்பும். நாள் முழுக்க மின்சாரம் இல்லை, தொட்டி 25 டிகிரி என்றால் அன்றைக்குத் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். ஒரு நாள் தின்னாததால் ஒன்றும் ஆகாது.

இனிப் பழக்குகிற முறை. முழு இலை வைத்ததுதான் தப்பு. இகுவானா மென்று தின்காது, கிழித்து விழுங்கும். தெரிந்த துண்டை மட்டும் பொறுக்கும். அதனால் பொறுக்க முடியாதபடி பண்ணணும்.

முதல் 4 நாள்: இப்போது தின்கிற வெள்ளரியும் வாழைப்பழமும் ஒன்பது பங்கு, புது இலை ஒரு பங்கு. இலையைக் கொத்தமல்லி நறுக்குகிற மாதிரிப் பொடியாக நறுக்கி, பழத்தோடு கையால் பிசறி, எல்லாத் துண்டிலும் பழச்சாறு ஒட்டணும்.

5 முதல் 8ஆம் நாள்: இலை பாதி. வாழைப்பழத்துக்குப் பதில் பப்பாளி. நிறத்துக்காகச் செம்பருத்திப் பூவைக் கிழித்து மேலே போடுங்க. சிவப்பும் மஞ்சளும் கண்ணில் பட்டால் இது வந்து பார்க்கும்.

9 முதல் 14ஆம் நாள்: இலை முக்கால், மத்தங்காய்த் துருவல் மீதி, பப்பாளி ஒட்டுவதற்கு மட்டும். வெள்ளரி நின்றுபோகும்.

எந்தக் கட்டத்தில் முகம் திருப்பினாலும் முந்தின கட்டத்துக்கு இரண்டு நாள் திரும்பிவிட்டு மறுபடி வாங்க. வாரம் ஒருமுறை காலையில், தீனிக்கு முன்னால், சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்க. உங்கள் 410 கிராம் 370க்கு இறங்கினால் பழக்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்க.

இலையில் என் தேர்வு முசுக்கொட்டை. குப்பம், பலமனேர் பக்கம் பட்டுப்புழுவுக்கு வளர்க்கிற மல்பெரிதான். அது ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் முருங்கைக்கு முன்னால் இதைச் சொல்வேன். காரணம் மருந்து. இலைப்பேனுக்கு இவர்களும் மருந்து அடிப்பார்கள், ஆனால் மிச்சம் இருந்தால் முதலில் சாவது அவர்கள் புழு. அதனால் காத்திருந்துதான் வெட்டுவார்கள். "இன்றைக்குப் புழுவுக்குப் போடுகிற இலையா?" என்று ஒரே கேள்வி கேட்டு வாங்கினால் போதும். வி-1 ரக இலை தடிப்பாக, அகலமாக இருக்கும். நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு நறுக்குங்க. செங்கோட்டையில் குச்சி ஒன்று நட்டாலும் வேர் பிடிக்கும், ஆறு மாதத்தில் இலை பறிக்கலாம்.

காய்ந்த பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று, சப்பாத்திக்கள்ளி. பட்டையை இடுக்கியால் பிடித்துத் தீயில் வாட்டி, பெரிய முள்ளும் கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளும் போன பிறகு தோல் சீவிச் சின்னத் துண்டாக. பால் வடிகிற திருகுகள்ளி, சதுரக்கள்ளி வேறு சாதி, அது நஞ்சு. வெட்டினால் வெள்ளைப் பால் வந்ததா, தூக்கிப் போடுங்க.

அகத்தியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1130 என்று அட்டவணையில் போட்டுவிட்டு ஏன் தினத்தீனியில் சேர்க்கவில்லை? இங்கே எல்லாக் கொடிக்காலிலும் நிற்கிறது.


கோவைக்கொடி, கொழிஞ்சாம்பாறை:

வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அட்டவணையில் இருக்கிற எண் இலையில் எவ்வளவு இருக்கு என்று சொல்லும், உடம்பில் எவ்வளவு சேரும் என்று சொல்லாது. பாலக்கீரையில் பார்த்தோமே. அகத்தி கசப்பு. அதைக் கலந்தால் மொத்தத் தட்டையும் ஒதுக்குகிற இகுவானா உண்டு, புதிதாகப் பழக்குகிறவருக்கு அதுவே தொல்லை. அதில் சபோனின் என்ற நுரைக்கிற பொருள் உண்டு, குடலை உறுத்தும். வாரம் இரண்டு நாள், ஒரு கைப்பிடி, பழகின பிறகு. பூவையும் அதே கணக்கில் போடலாம். வெற்றிலைக் கொடிக்கால் அகத்தி என்றால் இன்னும் யோசிங்க, வெற்றிலைக்கு அடித்த மருந்து அகத்தி மேலும் படும்.

கறிவேப்பிலையும் இதே கதை. எண் 830, ஆனால் கடைக் கறிவேப்பிலையை நான் தட்டில் சேர்க்கவே சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வாளையாறு தாண்டிப் போகிற கறிவேப்பிலையில் மருந்து மிச்சம் இருக்கிறது என்ற புகார் மலையாளப் பத்திரிகைகளில் பழைய செய்தி. நாம் குழம்பிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்துவிடுவோம், இது முழுசாகத் தின்னும், எடையோ அரைக் கிலோகூட இல்லை. வீட்டு மரம் என்றால் மட்டும் பத்து இலை.

மல்பெரியில் எனக்கு மறுப்பு இல்லை, "அது ஒன்றை மட்டும்" என்பதில் மறுப்பு உண்டு. எந்த இலையையும் தனியாக நம்பினால் அதில் இல்லாத சத்து வருஷக்கணக்கில் இல்லாமலே போகும். இருக்கிற கெடுதலும் தினமும் சேரும். ஒரு தட்டில் மூன்று இலை, ஒரு வாரத்தில் ஆறு இலை. செங்கோட்டைக்காரர் திங்கட்கிழமை செம்பருத்தி, கோவை, முருங்கை என்று வைத்தால் வியாழக்கிழமை செம்பருத்தி, மல்பெரி, குதிரைமசால் என்று மாற்றலாம். செம்பருத்தி மட்டும் எல்லா நாளும் இருக்கட்டும். சங்குப்பூ கிடைத்தால் மேலே நாலு.


முசுக்கொட்டை, குப்பம்:

சரி, மூன்று இலை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழையில் புழு ஏறின முருங்கையைவிட மல்பெரி மேல் என்பதில் மாற்றம் இல்லை.


கணவா ஓடு, களியக்காவிளை:

விட்டமின் சொட்டு மருந்து பற்றி யாராவது கேட்கும் முன்னே எழுதிவிடுகிறேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற டி3 சொட்டை இலையில் விடுகிற வேலை வேண்டாம். டி3 கூடினால் கால்சியம் எலும்பில் சேராமல் ரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். யுவிபி குழாய் வந்துவிட்டால் டி3 கலக்காத கால்சியம் போதும். ஊர்வனவுக்கான பலசத்துப் பொடி வாரம் ஒருமுறை ஒரு கிள்ளு.

தாடை கெட்டி என்றீர்கள், நல்லது. ஆனால் தாடை மெத்தென்று ஆவதற்கு முன்பே தெரிகிற குறிகள் உண்டு. கால் விரல் தனியாகத் துடிப்பது. நடக்கும்போது வயிற்றைத் தூக்காமல் தரையில் இழுப்பது. வாலில் நெளிவு. தொடை கொழுகொழு என்று திரண்டு, அமுக்கினால் கல் மாதிரி இருப்பது. கடைசியானதைப் பார்த்து நல்லா சதை போட்டிருக்கு என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. எலும்பு மெலிந்து உடம்பு அதைச் சுற்றி நார் கட்டுவதுதான் அது. இதில் ஒன்று இருந்தாலும் தீனி மாற்றத்தால் மட்டும் சரியாகாது, ஊசியோ மருந்தோ வேணும். உங்களுக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். எல்லை தாண்டினால் திருச்சூர் மண்ணுத்தி, குப்பத்துக்காரருக்குத் திருப்பதி. எங்கே போனாலும் ஊர்வன பார்க்கிறவர் என்றைக்கு இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்க. இகுவானாவைத் துணிப்பையில் வைத்து, பையை மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, ஓரத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி வைத்துக் கொண்டுபோங்க.


சாரல்மேடு, செங்கோட்டை:

விரல் துடிப்பு, வால் நெளிவு இல்லை. வெப்பமானி வைத்தேன், கிளையில் 30 தான் காட்டுகிறது, ஆக 100 வாட் ஹாலஜனும் குழாயும் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: மழையில் தினமும் வேலிக்குப் போய்ப் பறிக்க முடியாது. எத்தனை நாள் இலையைச் சேர்த்துவைக்கலாம்? சந்தைக் காய்களை எப்படிக் கழுவுவது?


கோவைக்கொடி, கொழிஞ்சாம்பாறை:

காய்களுக்குப் புளித்தண்ணீர். ஒரு லிட்டருக்கு 20 கிராம் புளி கரைத்து வடிகட்டி, பீன்ஸ், வெண்டை, புடலை எல்லாம் 10 நிமிடம் மூழ்கி இருக்கட்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு அலசு. மேல்தோலில் ஒட்டினது போகும், உள்ளே ஏறினது போகாது. அதனால் மத்தங்காயைத் தோல் சீவியே துருவுங்க.

இலைக்குப் புளி வேண்டாம், ஓடுகிற தண்ணீர் போதும். அலசி உதறி, துணியில் பரப்பி மேல் ஈரம் போகவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுருட்டி மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் கோவையும் மல்பெரியும் நாலு நாள் நிற்கும். முருங்கை இரண்டாம் நாளே உதிர ஆரம்பிக்கும், மஞ்சள் ஆனதைப் போடாதீங்க. செம்பருத்தியை முழு இலையாகவே வையுங்க. நறுக்கி வைத்தால் வழவழவென்று கொழுத்துப் புளிப்பு வாடை வந்துவிடும். எல்லாவற்றையும் தீனி நேரத்துக்கு முன்தான் நறுக்கணும், அரை மணி முன்னால் வெளியே எடுத்துவிடணும். பிரிட்ஜ் குளிர்ச்சியோடு வயிற்றுக்குள் போகக் கூடாது. உறையவைத்த காய் ஒரு வாரம் சமாளிக்க உதவும். தொடர்ந்து போட்டால் தயமின், அதாவது வைட்டமின் பி1, குறைந்து விரல் துடிக்கும், கால்சியக் குறை என்று தப்பாக நினைத்துக்கொண்டு பொடியைக் கூட்டுவீர்கள்.

சாரலில் தட்டில் மிஞ்சின இலை மத்தியானத்துக்குள் நாறும். தட்டைத் தினமும் வெந்நீரில் கழுவுங்க. தரையில் வைத்தால் மிதித்து எச்சம் போடும், கிளை உயரத்தில் மாட்டுகிற மாதிரிச் சின்னக் கிண்ணம் ஒன்று பாருங்க. கிளிக்கூண்டுக்கு விற்கிற எவர்சில்வர் கிண்ணம் சரியாகப் பொருந்தும்.


சாரல்மேடு, செங்கோட்டை:

மல்பெரிக் குச்சி எத்தனை கண் விட்டு நடணும்?


முசுக்கொட்டை, குப்பம்:

பென்சில் பருமன், மூன்று கண்ணு, இரண்டு மண்ணுக்குள். சாரல் நேரம்தான் நடுவதற்கு நல்ல நேரம், தண்ணீர் தேங்காத மேட்டில் வையுங்க.